இந்த முடி போகட்டும்

வேண்டாம் சார், பை மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் யாராவது மூட்டையைத் தூக்கி அதன்மேல் போட்டுவிடுவார்கள். மடங்கிவிடும். கனமெல்லாம் இல்லை. ஒரு சட்டையின் கனம்கூட இல்லை.

நீங்கள் திண்டுக்கல்லா? நான் வேடசந்தூரில் இறங்கிவிடுவேன். மனைவியின் ஊர்.

இந்த பஸ்ஸின் பாடி எங்கள் கரூரில் கட்டியதுதான். ஜன்னலுக்குக் கீழே தகடு இருக்கிறதே, அதை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் லேசாகக் குழிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். எங்கேயோ இடித்த வண்டியை அவசரத்தில் பட்டி பூசி, பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிங்கர். குணசீலன் என்று கேட்டால் எங்கள் பட்டறைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். டொக்கு விழுந்த தகட்டை நான் பட்டி பூசி மறைக்க மாட்டேன். பின்னால் இரும்புக் கட்டையைக் கொடுத்து, முன்னால் சுத்தியலால் தட்டித் தட்டித் தகட்டையே நிமிர்த்திவிடுவேன். பூசியது நான்கு மழைக்குப் பிறகு விரிசல் விட்டுவிடும். நிமிர்த்தியது அப்படியே நிற்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் நடந்ததும் இதே சமாசாரம்தான். பூசுவதா, நிமிர்த்துவதா என்று. அதுவும் எதற்கு என்கிறீர்கள்? முடிக்கு. தலைமுடிக்கு. முடிதானே சார். அதற்காக ஆறு மாதமாக என் மனைவி அவள் பிறந்த வீட்டில் இருக்கிறாள்.

ரேணுகாவுக்குச் சுருட்டை முடி. சாதாரணச் சுருட்டை இல்லை. பின்னினால் பின்னலுக்குள் நிற்காது. நெற்றியில், காதோரத்தில், பிடரியில் என்று எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வந்து எட்டிப் பார்க்கும். இழுத்துப் பிடித்தால் இடுப்பு வரை வரும், விட்டால் முதுகிலேயே ஏறி நின்றுகொள்ளும். அவள் அப்பாவுக்கும் அப்படித்தான். வேடசந்தூரில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தார், அங்கமுத்து என்று பெயர். தலையில் பஞ்சுத் துகள் ஒட்டினால் மற்றவர்கள் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவர் முடியில் மாட்டினது மாட்டினதுதான். அவர் வாசலில் உட்கார, இவள் பின்னால் நின்று ஒவ்வொன்றாக எடுப்பாளாம். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும், ஊருக்குப் போனால் முதலில் அவர் தலையைத்தான் பார்ப்பாள்.

எனக்கு அந்த முடியைப் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். பெண் பார்க்கப் போனபோது காபித் தட்டோடு குனிந்தாள். ஒரு சுருள் அவிழ்ந்து காபியில் விழப் பார்த்தது. ஊதித் தள்ளினாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் பிடிப்பது வேறு, நாலு பேர் முன்னால் நிற்பது வேறு இல்லையா?

எங்கம்மா சொல்லும், தேங்காய் நார் என்று. சாம்பாரில் ஒரு முடி கிடந்தால் போதும், யாருடையது என்று விசாரணையே கிடையாது. சுருண்டிருந்தால் ரேணுகா. ரேணுகாவும் சும்மா இருக்க மாட்டாள். "நல்லதுங்க அத்தை, நேரா இருக்கறது யாருதுன்னு கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம்" என்பாள். எங்கம்மாவே சிரித்துவிடும். எல்லாம் விளையாட்டுத்தான். ஒன்பது வருஷம் விளையாட்டாகத்தான் போனது.

போன ஆவணியில் என் தங்கை சுகன்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர். பெரிய இடம். வீடியோவுக்கு மட்டும் நாலு ஆள் வருகிறார்கள், ஒரு கேமரா வானத்தில் பறக்கிறது. சுகன்யாவுக்குப் பக்கத்தில் கல்யாணம் முழுக்க ரேணுகாதான் நிற்க வேண்டும், அண்ணி ஆயிற்றே. சுகன்யா சொன்னாள், "அண்ணி, எந்தப் போட்டோவை எடுத்தாலும் உங்க தலைதான் முதல்ல தெரியும்." இவள் சொன்னாள், "அப்ப மண்டபத்துல யாரும் தொலைய மாட்டாங்க. என் தலையைப் பாத்து வந்து சேந்துடுவாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி என்னிடம் கேட்டாள், நேராக்கிவிட்டால் நன்றாக இருக்குமா என்று. நானாகச் சொல்லவில்லை சார். அவளாகத்தான் கேட்டாள். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் ஒரு பியூட்டி பார்லர். நடத்துகிற அம்மாவின் பெயர் ஸ்டெல்லா. நல்ல பொறுமைசாலி. எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னார். நான் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

"இதுல ரெண்டு வகை இருக்குங்க. ஸ்மூத்தனிங்னு ஒண்ணு. அது முடிமேல படியுற மருந்து. சுருட்டை தளர்ந்து வழவழன்னு இருக்கும். தலைக்கு ஊத்த ஊத்தக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு, மூணு நாலு மாசத்துல உங்க முடி உங்களுக்கு வந்துடும். இன்னொண்ணு பெர்மனென்ட். அது முடிக்கு உள்ளே இருக்கற பிணைப்பையே உடைச்சு நேராக்கிடறது. செஞ்சது செஞ்சதுதான். கழுவினாப் போகாது. வேர்ல புதுசா வளர்றது மட்டும் சுருட்டையா வரும். மேலே சுருட்டை, கீழே நேர்னு ரெண்டா தெரியும். அதுக்கு அப்பப்ப வந்து வேரை மட்டும் சரிபண்ணிக்கணும். வேண்டாம்னா வெட்டறதைத் தவிர வழி இல்லை."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒன்று பட்டி பூசுவது. ஒன்று தகட்டை நிமிர்த்துவது.

ரேணுகா யோசிக்கவே இல்லை. "போயிடறதே போதுங்க. கல்யாணத்துக்குத்தான். என் முடி எனக்குத் திரும்ப வேணும்" என்றாள்.

ஸ்டெல்லா மருந்து கலக்க உள்ளே போனார். ரேணுகாவைத் தலை அலசும் தொட்டியில் படுக்கவைத்து, அங்கே இருந்த பெண் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ரேணுகா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நான் உள்ளே போய் ஸ்டெல்லாவிடம் சொன்னேன், பெர்மனென்டே செய்துவிடுங்கள் என்று. அவர் கேட்டார், "அவங்ககிட்டக் கேட்டீங்களா சார்?" பேசிக்கொண்டோம் என்று சொன்னேன். பேசிக்கொண்டுதானே வந்தோம் சார், ஒரே வண்டியில்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நாலு மாதத்தில் போய்விடும் ஒன்றை எதற்குச் செய்ய வேண்டும்? போன பிறகு தீபாவளி வரும், பொங்கல் வரும், சுகன்யாவுக்கு வளைகாப்பு வரும். ஒவ்வொரு தடவையும் வந்து ஒரு பகல் முழுக்க அந்த நாற்றத்தில் உட்கார வேண்டும். ஒரே வேலையாக முடிந்துவிட்டால் அவளுக்குத்தானே நல்லது. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கண்ணாடியில் பார்த்துப் பழகிவிட்டால் அவளே வேண்டாம் என்று சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவளை எழுப்பி நிறுத்தினார்கள். சார், எனக்கு அடையாளம் தெரியவில்லை. கறுப்புத் துணியை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டது மாதிரி இடுப்பு வரைக்கும் விழுந்தது. அவள் திரும்பியபோது அதுவும் சேர்ந்து திரும்பியது. எங்கம்மா வாசலிலேயே நின்று சுற்றிப் போட்டது. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது.

ஸ்டெல்லா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்று நாளைக்குத் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. வியர்க்கக்கூடாது. பின்னக்கூடாது, கிளிப் குத்தக்கூடாது, காதுக்குப் பின்னால்கூட ஒதுக்கக்கூடாது. மடங்கினால் மடங்கின இடத்தில் அடையாளம் விழுந்துவிடும். மூன்றாம் நாள் மத்தியானம் அலசினால் முடிந்தது. ரேணுகாவைச் சமையலறைப் பக்கம் விடவில்லை. ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். ராஜாத்தி மாதிரி. ராத்திரி மல்லாந்து படுத்தாள், முடியைத் தலையணைக்கு மேலே விரித்துவிட்டு. நான்தான் விரித்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் அப்பாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினாள். ஷிஃப்ட் முடிந்து அவர் தினமும் பேசுவார். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா நீங்க, எம் பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார். இவளுக்குச் சிரிப்பு. அப்புறம் அவர் கொஞ்சம் கிட்டே வந்து கேட்டார்.

"இது போயிடும்ல ரேணு?"

"மூணு நாலு மாசத்துல போயிடும்ப்பா. பழைய மாதிரி ஆயிடும்."

"சரி. அப்ப வந்து பாக்கறேன்."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என்ன சொல்ல முடியும்? பெரியவர் ஆசையாகப் பேசுகிறார். குறுக்கே புகுந்து இல்லை மாமா, அது போகாது என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

அடுத்த நாள் காலையில் என் போனுக்கு ஒரு கால். ரேணுகாவின் தம்பி, தினகரன். எங்கள் பக்கத்தில் கெட்ட சேதியைக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். புருஷனுக்குத்தான் சொல்வார்கள், அவன் பக்குவமாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று. உங்கள் பக்கத்திலும் அப்படித்தானே? தினகரன் சொன்னான், அப்பாவுக்கு நெஞ்சு வலி, திண்டுக்கல்லில் சேர்த்திருக்கிறோம், பேச்செல்லாம் நன்றாக இருக்கிறது, அக்காவைத்தான் கேட்கிறார், பதறாத மாதிரி சொல்லிக் கூட்டிக்கொண்டு வாருங்கள் மாமா என்று.

நான் யோசித்தேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன் சார். பேச்செல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவனே சொன்னான். இவளிடம் சொன்னால் இவள் என்ன செய்வாள்? அள்ளிச் சொருகிக்கொண்டு அப்படியே ஓடுவாள். கூட்டத்தில் பஸ், வியர்வை, ஆஸ்பத்திரி, அழுகை. இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. மறுநாள் மத்தியானம் அலசிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனால் அப்பாவும் நேரில் பார்ப்பாரே என்று நினைத்தேன். அதற்குள் அவருக்கும் கொஞ்சம் தெளிந்திருக்கும். தினகரனிடம் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்குப் பகலில் அவள் கேட்டாள், அப்பா போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார் என்று. மில்லுக்குள் இருப்பார், சிக்னல் கிடைத்திருக்காது என்று சொன்னேன். சாயங்காலமும் கேட்டாள். தம்பியும் எடுக்கவில்லை என்றாள். அவன் எப்படி எடுப்பான், அக்கா அழுதால் தாங்க மாட்டான். அதனால்தானே எனக்குச் சொன்னான். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள். நான்தான் எடுத்துவிட்டேன்.

விடிகாலையில் மறுபடி தினகரன். இந்தத் தடவை அவன் பேசவில்லை. அழுதான்.

ரேணுகாவிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கிளம்பு என்று மட்டும் சொன்னேன். இதே ரூட்டில்தான் வந்தோம். இந்த மாதிரி ஒரு பஸ். அவளுக்கு ஜன்னல் சீட். காற்றில் முடி சிக்காகிவிடும் என்று கண்ணாடியை இழுத்து மூடிவிட்டேன். பின்னால் சாய வேண்டாம், மடிப்பு விழும் என்று சொன்னேன். அவள் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தாள், வேடசந்தூர் வரைக்கும். அவளுக்கு வழியிலேயே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

தெருமுனையிலேயே பந்தல் தெரிந்தது.

அவள் அத்தை, மாமனாரின் தங்கை, உள்ளே இருந்து தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ரேணு வந்துட்டாளாமே, எங்கே எம்புள்ளை" என்று கத்திக்கொண்டு வாசலில் நின்ற இவளைத் தாண்டித் தெருவுக்குப் போய்ப் பார்த்தார். இவள் "அத்தை" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார். திரும்பியும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அப்புறம்தான் கட்டிக்கொண்டார். அதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை, அழுகிற கண்ணுக்கு என்ன தெரியும்?

மாமனாரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலை நிறைய நரைத்த சுருட்டை. யாரோ தண்ணீர் தொட்டுப் படிய வாரிவிட்டிருந்தார்கள். அது படியாமல் அங்கங்கே எழும்பி நின்றது. ரேணுகா பெட்டிமேல் விழுந்தாள். முடி முழுக்கக் கண்ணாடிமேல் விழுந்து அவர் முகத்தை மூடிவிட்டது. இவளே இரண்டு கையாலும் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தாள். ஒதுக்க ஒதுக்க வழவழவென்று திரும்பத் திரும்ப வந்து விழுந்தது.

எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றப் புழக்கடைக்குப் போனார்கள். சாவு வீட்டில் குளிக்காமல் இருக்க முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி. நானும் பின்னாலேயே சுடுகாட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஓரமாகப் போய் அவளிடம் மெதுவாகச் சொன்னேன். யாருக்கும் கேட்காத மாதிரித்தான் சொன்னேன்.

"தலையை விட்டுட்டு உடம்புக்கு மட்டும் ஊத்திக்க. மத்தியானம் வரைக்கும் பொறுத்தாப் போதும்."

அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டாள்:

"தம்பி போன் எப்ப வந்துச்சு?"

சாவு வீட்டில் பொய் சொல்லக்கூடாது இல்லையா? "நேத்துக் காலைல" என்றேன்.

"கதவு திறக்கறப்பல்லாம் நான்தான்னு திரும்பிப் பாத்தாராம்" என்றாள்.

அவ்வளவுதான். வாளியைத் தூக்கி அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாள். இன்னொரு வாளி. இன்னொன்று. நிறுத்தவே இல்லை. அத்தைதான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா சார்? முடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தனை தண்ணீர் பட்டும் காய்ந்த பிறகு அதே மாதிரி நேராக நின்றது. ஸ்டெல்லாவின் வேலை அப்படி. நான் வீணாகப் பயந்திருக்கிறேன்.

சுகன்யா கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. வர முடியாது, தீட்டு. ஆல்பத்தில் அந்த முடி ஒரு பக்கத்தில்கூட இல்லை. இதை நினைத்தால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எதற்காகச் செய்தோமோ அதற்கே உதவவில்லை.

கருமாதி முடிந்து கூட்டிக்கொண்டு வரப் போனேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் காபி கொடுத்தார். தினகரன் என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான். கிளம்பலாமா என்று கேட்டேன். அவள் கோபமாகவெல்லாம் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். முடியை முன்னால் எடுத்துப் போட்டு, நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த முடி போகட்டும். அப்புறம் பேசலாம்."

பேசலாம் என்றுதான் சொன்னாள். வர மாட்டேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

போகாதே சார் அது. அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வேர்ப்பக்கம் வளர்ந்து கீழே இறங்கி இறங்கி, இடுப்பு வரைக்கும் மாறுவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று பட்டறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியிலேயே கணக்கை விட்டுவிட்டேன். சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? எப்படிச் சொல்வது? அப்பா போன துக்கத்தில் இருக்கிறாள். அவள் மனசை மேலும் நோகடிக்க நான் விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் போடுவேன். தினகரன்தான் எடுப்பான். ஒரு நாள் அவனே சொன்னான், "அக்கா தினமும் தலைக்கு ஊத்துது மாமா. சளி பிடிச்சிருக்கு, சொன்னாலும் கேக்கறதில்லை. சீயக்காயைப் போட்டுத் தேய் தேய்னு தேய்க்குது. அப்பாகிட்டச் சொல்லியிருக்கேன்னு சொல்லுது." கார்த்திகை மழையில்கூட விடவில்லையாம். ஈரத்தோடு கண்ணாடி முன்னால் நின்று ஒரு கொத்தை விரலில் சுற்றிப் பார்ப்பாளாம். சுற்றி வைத்துக்கொண்டே நிற்பாளாம். விட்டால் நேராக விழுந்துவிடுமாம். எவ்வளவு பிடிவாதம் பாருங்கள்.

எனக்கு மட்டும் சுகமா? பொங்கலுக்குப் பழைய சட்டை ஒன்றை எடுத்தேன். பித்தானில் ஒரு முடி சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடையது, பழையது, சுருட்டை. முன்பெல்லாம் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கிட்டே வந்தால் ஒன்றாவது மாட்டிக்கொள்ளும். பட்டறையில் கேலி செய்வார்கள். அதைக் கழற்றி இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். நேரானது. விட்டேன். சுருண்டுகொண்டது. மறுபடி இழுத்தேன். வெளியே எல்லோரும் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கம்மா வந்து கூப்பிடும் வரைக்கும் நான் அதையே செய்துகொண்டிருந்தேன். பதினாறு வருஷமாகத் தகடு தட்டுகிறேன். ஒரு தகடுகூட என்னிடம் அப்படித் திரும்பிப் போனதில்லை.

எங்கம்மாதான் இப்போது வீட்டில் சமைக்கிறது. சாம்பாரில் முடி விழுவதே இல்லை. அது ஒரு குறை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

போன வாரம் ஸ்டெல்லா போன் செய்தார். எடுத்ததும் கேட்டார், "ஏன் சார் என்கிட்டப் பொய் சொன்னீங்க?" ரேணுகா பார்லருக்கு வந்திருக்கிறாள். கரூருக்கு, தனியாக. எங்கள் தெருவுக்கு வரவில்லை. அங்கே போய் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், ஆறு மாதம் ஆகிறது, இது எப்போது போகும் என்று. ஸ்டெல்லா தலையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். வேரில் மட்டும் கொஞ்சம் சுருட்டை, கீழே முழுக்க நேர். "இது போறது இல்லைம்மா. உங்க வீட்டுக்காரர்தான் பெர்மனென்ட் கேட்டார். பேசிக்கிட்டோம்னு சொன்னார்" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, உள்ளதைச் சொன்னார்.

ரேணுகா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். அடுத்து வந்தவர்களை ஸ்டெல்லா காத்திருக்கச் சொல்லிவிட்டாராம். அப்புறம் இவள், "அப்ப வெட்டிடுங்க. சுருட்டை எதுவரைக்கும் வந்திருக்கோ அதுவரைக்கும் விட்டுட்டு மிச்சத்தை வெட்டிடுங்க" என்றாளாம். நாலு விரல் அளவுகூட இருக்காது, ஆம்பிளைப் பையன் மாதிரி ஆகிவிடும், ஒரு ஆறு மாதம் பொறுங்கள் என்று ஸ்டெல்லா கெஞ்சியிருக்கிறார். கேட்கவில்லை.

வெட்டி முடித்துத் தலையை உதறினதும் எல்லாம் மேலே சுருண்டு ஏறிக்கொண்டதாம். இவள் கண்ணாடியில் கிட்டே போய்ப் பார்த்தாளாம். தலையில் கையை வைத்து, ஏதோ துகளைத் தேடுகிற மாதிரித் தடவினாளாம். "எங்கப்பா மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். சொல்லும்போது ஸ்டெல்லா அழுதார். எதற்கு அழுதார் என்று எனக்குப் புரியவில்லை. சிரித்தாள் என்று அவரே சொல்கிறாரே. சிரித்தாள் என்றால் மனசு ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்?

நான் உடனே பார்லருக்கு ஓடினேன். நல்ல வேளை, குப்பையில் போடவில்லை. கயிறு கட்டி ஒரு காகிதத்தில் சுருட்டி வைத்திருந்தார். என்னிடம் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

இதுதான் சார், பைக்குள் இருப்பது. திறந்து காட்டுகிறேன். சவுரி. கோயில் பக்கத்தில் சவுரி கட்டுகிற ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்துக் கட்டி வாங்கினேன். அவளுடைய சொந்த முடி, ஒரு இழைகூட வேறு முடி கலக்கவில்லை. கூந்தல் நீளமில்லாத பெண்கள் விசேஷத்துக்கு இதை வைத்துத்தானே பின்னிக்கொள்கிறார்கள்? பங்குனியில் சுகன்யாவுக்கு வளைகாப்பு வருகிறது. இதை வைத்துப் பின்னிப் பூ வைத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வேண்டும்போது வைத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். அவள் கேட்டதும் அதுதானே? போய்விடுகிற மாதிரி இருக்கட்டும், என் முடி எனக்கு வேண்டும் என்று. இப்போது இரண்டும் ஆகிவிட்டது.

தொட்டுப் பாருங்கள். பரவாயில்லை, தொடுங்கள். ஒரு நெளிவு இருக்கிறதா? இது இனிமேல் எத்தனை வருஷம் ஆனாலும் இப்படியேதான் இருக்கும்.

கையை ஏன் இழுத்துக்கொண்டீர்கள்?

சரி, நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது. இந்த முடி போகட்டும், அப்புறம் பேசலாம் என்று சொன்னாள். போய்விட்டது. ஒரு இழை இல்லாமல் போய்விட்டது. அப்படியானால் இனிமேல் பேசுவாள் இல்லையா? இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு. காலையில் கிளம்பும்போது நான் வருகிறேன் என்று தினகரனுக்குப் போன் போட்டேன். அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இன்னும் கூப்பிடவில்லை. இந்த ரூட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது.

சொல்லுங்கள் சார்.

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார், வேடசந்தூர் வந்துவிட்டது. படியில் கூட்டமாக இருக்கிறது, நெருக்கிவிடுவார்கள். ஒரு உதவி செய்யுங்கள். இந்தப் பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் கீழே இறங்கி வந்து ஜன்னல் பக்கம் நிற்கிறேன், கொடுத்துவிடுங்கள்.

இரண்டு கையாலும் பிடியுங்கள் சார். மடங்கிவிடப் போகிறது.